தோல் மாற்றங்களைப் படமெடுத்துத் தொலைவிலுள்ள நிபுணருக்கு அனுப்புதல்: புதியவர்களுக்கான வழிகாட்டி

தோல் மருத்துவர் இல்லாத ஒரு மருத்துவமனையில் செவிலியராகவோ பொது மருத்துவராகவோ நீங்கள் புதிதாகச் சேர்ந்திருக்கலாம். ஒரு நோயாளியின் முதுகிலுள்ள கரும்புள்ளியைப் படமெடுத்து, எங்கோ இருக்கும் நிபுணருக்கு அனுப்பும்படி உங்களிடம் சொல்லப்படுகிறது. கைப்பேசியை எடுத்து ஒருமுறை அழுத்தினால் வேலை முடிந்தது என்றுதான் முதலில் தோன்றும். படங்களைப் பெற்றுக் கருத்து எழுதும் முனையில் இருப்பவர்களில் ஒருவனாகச் சொல்கிறேன்: "போதிய விவரம் இல்லை, நேரில் பார்க்க வேண்டும்" என்று நான் திருப்பி அனுப்பும் கோரிக்கைகள் பலவற்றில் நோய் கடினமானதாக இருப்பதில்லை. படம் மங்கலாக இருக்கும், அல்லது அது எந்த உடற்பகுதி என்றே தெரியாது, அல்லது நோயாளியிடம் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வி கேட்கப்படாமல் இருக்கும். இம்மூன்றும் அனுப்புபவரின் கையில் உள்ளவை என்பதால், இக்கட்டுரை முழுவதும் அனுப்பும் முனையில் இருப்பவரை நோக்கியே எழுதப்பட்டுள்ளது.

தோல் நோய்களை இப்படித் தொலைவிலிருந்து பார்ப்பதைக் குறிக்கும் 'டெலிடெர்மடாலஜி' என்னும் சொல் பெரெட்னியா, பிரவுன் ஆகிய இருவர் 1995-இல் எழுதிய கட்டுரையின் வழியாகப் புழக்கத்துக்கு வந்தது. இதில் இரண்டு முறைகள் உள்ளன. ஒன்று, நோயாளியும் நிபுணரும் ஒரே நேரத்தில் காணொளியில் சந்திப்பது. மற்றொன்று, படங்களையும் விவரங்களையும் சேமித்து அனுப்பிவிட்டு, நிபுணர் தமக்கு நேரம் வாய்க்கும்போது பார்த்துப் பதில் எழுதுவது. மச்சம், கட்டி, ஆறாத புண் போன்ற தனி மாற்றங்களுக்கு இரண்டாவது முறைதான் பொருந்தும்; ஏனெனில் நன்றாக எடுக்கப்பட்ட ஓர் அசையாப் படத்தில் உள்ள நுண்விவரம், நடுங்கும் காணொளியில் ஒருபோதும் கிடைப்பதில்லை. காணொளி, நோயாளியிடம் பேசுவதற்கும் பதிலை விளக்குவதற்கும் உதவும். இனி வருவன எல்லாம் சேமித்து அனுப்பும் முறையைப் பற்றியவை.

முதலில், படமெடுக்க நேரமில்லாதவை

கேமராவைத் தொடுவதற்கு முன் நோயாளியை முழுதாகப் பாருங்கள். காய்ச்சலோடு தோன்றி, கண்ணாடித் துண்டால் அழுத்தினாலும் நிறம் மறையாத சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள். புதிய மருந்தொன்றைத் தொடங்கிய சில வாரங்களுக்குள் தோல் உரிந்து, வாயிலும் கண்ணிலும் பிறப்புறுப்பிலும் புண் வருதல். பார்வைக்குச் சிறிதாகத் தெரிந்தாலும் தாங்க முடியாத வலியோடு மணிக்கணக்கில் பரவும் வீக்கம். மூச்சுத் திணறலோடு கூடிய தடிப்பு — இவற்றில் எது இருந்தாலும் நோயாளி உடனே அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும். அவரை அனுப்பிய பிறகு தொலைபேசியில் நிபுணரிடம் பேசலாம். படம் அனுப்பிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பது இவ்விடங்களில் ஆபத்தானது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. நோயாளி எந்தப் புள்ளியைக் காட்டி வருந்துகிறாரோ, அதுவே ஆபத்தான புள்ளியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கன்னத்திலுள்ள சாதாரண மருவைக் காட்ட வந்தவரின் முதுகில், அவரே பார்த்திராத மெலனோமா (நிறமிச் செல்களில் தோன்றும் தோல் புற்றுநோய்) இருக்கலாம். படம் என்பது, எடுத்தவர் தேர்ந்தெடுத்த சில சதுர சென்டிமீட்டர் மட்டுமே. சட்டகத்துக்கு வெளியே இருப்பதைப் பற்றி அது எதுவும் சொல்லாது. எனவே நோயாளியின் இசைவோடு உடலின் மற்றப் பகுதிகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு, மற்ற மச்சங்களோடு ஒட்டாமல் தனித்துத் தெரியும் ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். உள்ளங்கால், விரலிடுக்கு, நகம் ஆகியவற்றைத் தவறவிடாதீர்கள். கருந்தோல் கொண்டவர்களிடம் மெலனோமா அரிதாகவே வந்தாலும், வரும்போது பெரும்பாலும் இவ்விடங்களில்தான் வருகிறது. பாடகர் பாப் மார்லியின் கால் பெருவிரல் நகத்தடியில் இருந்தது கால்பந்தில் பட்ட அடி என்றே முதலில் கருதப்பட்டது. 1977-இல் அது மெலனோமா என்று கண்டறியப்பட்டது. 1981-இல், 36 வயதில், அவர் அந்நோயால் இறந்தார்.

கேட்டு எழுத வேண்டியவை

வயது, எத்தனை நாளாக இருக்கிறது, எங்கே தொடங்கியது, எப்படி மாறியது, அரிக்கிறதா, வலிக்கிறதா, இரத்தம் கசிகிறதா, வேறு நோய்கள் உண்டா, என்னென்ன மருந்துகள் உட்கொள்கிறார் என்பவை எல்லாப் படிவங்களிலும் இருக்கும். படிவத்தில் பெரும்பாலும் இல்லாத இரண்டு கேள்விகளை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாவது, "இதன்மீது என்ன தடவினீர்கள்?" என்பது. ஸ்டீராய்டு கலந்த களிம்பைச் சில வாரம் தடவிய படர்தாமரை, தன் வட்ட விளிம்பையும் செதில்களையும் இழந்து, கரப்பான் போலவோ வேறு எதையோ போலவோ உருமாறிவிடும். படத்தை மட்டும் பார்த்தால் நானும் ஏமாந்துபோவேன். நோயாளிக்குக் களிம்பின் பெயர் தெரியாது என்றால், அந்தக் குழாயையே கொண்டுவரச் சொல்லி, அதன் பெயரும் சேர்மானமும் தெரியும்படி அதையும் ஒரு படம் எடுத்து இணைத்துவிடுங்கள். இரண்டாவது, "வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு உண்டா? இரவில் கூடுகிறதா?" என்பது. இரண்டுக்கும் 'ஆம்' என்ற பதில் வந்து, விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் சிறு பருக்கள் இருந்தால், படம் சுமாராக இருந்தாலும் சிரங்குப் பூச்சியைச் சந்தேகித்துவிடலாம்.

சொற்களிலும் கவனம் வேண்டும். நோயாளி 'புண்' என்பார். அது திறந்த காயமாகவும் இருக்கலாம், தோல் மூடிய தடிப்பாகவும் இருக்கலாம். 'அலர்ஜி' என்பது ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் சொல்லப்படுகிறது. அவர் சொன்ன சொல்லை அப்படியே மேற்கோளில் எழுதிவிட்டு, நீங்கள் கண்டதைத் தனியே எழுதுங்கள்: தோலோடு சமமாக உள்ள நிறமாற்றமா, மேலெழும்பிய தடிப்பா, நீர் கோத்த கொப்புளமா, சீழ்க்கொப்புளமா, மேற்தோல் போன திறந்த புண்ணா என்பது தெரிந்தால் போதும். நோயின் பெயர் உங்களுக்குத் தோன்றினால் எழுதலாம், தோன்றாவிட்டால் குறையொன்றும் இல்லை.

படமெடுத்தல்

நோயாளியைச் சன்னலுக்கு அருகே உட்கார வையுங்கள். நேர் வெயில் படாத பகல் வெளிச்சமே சிறந்தது. அறையின் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். சன்னலின் வெளிச்சமும் விளக்கின் வெளிச்சமும் கலந்தால் தோலின் ஒரு பக்கம் நீலம் கலந்தும் மறுபக்கம் மஞ்சள் கலந்தும் பதிவாகும், அதைப் பிற்பாடு எந்த மென்பொருளாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. பகல் வெளிச்சம் இல்லாதபோது வெள்ளை விளக்கு ஒன்றை மட்டும் பயன்படுத்துங்கள். ஃபிளாஷ் ஈரமான அல்லது பளபளக்கும் தோலில் வெண்திட்டாக எதிரொளித்து, பார்க்க வேண்டியதையே மறைத்துவிடும். ஐயமிருந்தால் ஃபிளாஷோடு ஒன்றும் இல்லாமல் ஒன்றும் எடுங்கள். பின்னணிக்குப் பூப்போட்ட விரிப்பு வேண்டாம். பளபளப்பில்லாத நீலம், பச்சை அல்லது சாம்பல் நிறத் துணி ஒன்று போதும். ஒருமுறை எனக்கு வந்த உள்ளங்காற் படத்தில், படுக்கை விரிப்பின் நெசவு இழை இழையாகத் தெளிவாக இருந்தது. பாதம் மட்டும் பனிமூட்டத்தில் இருந்தது.

நோயாளி தடவியிருக்கும் ஒப்பனை, களிம்பு, நிறமருந்து ஆகியவற்றைத் துடைத்துவிட்டு, தேய்த்ததால் வந்த சிவப்பு அடங்கச் சில நிமிடம் காத்திருங்கள். நகத்தை எடுப்பதென்றால் நகப்பூச்சை நீக்க வேண்டும். பிறகு கைப்பேசியின் லென்ஸை மென்மையான துணியால் துடையுங்கள். சட்டைப்பையில் கிடக்கும் கைப்பேசியின் லென்ஸில் விரலின் எண்ணெய் எப்போதும் இருக்கும். 'கேமரா சரியில்லை' என்று பலர் சொல்வதற்குக் காரணம் அந்த எண்ணெய்தான். அழகூட்டும் வசதி, பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் முறை, நிற வடிகட்டிகள் ஆகிய அனைத்தையும் நிறுத்திவையுங்கள். தோலை வழுவழுப்பாகக் காட்டுவதற்கென்றே அமைந்த வசதி, தோல் நோயைப் படமெடுப்பதற்கு எந்த வகையிலும் ஏற்றதல்ல.

ஒரு மாற்றத்துக்கு நான் எதிர்பார்ப்பது குறைந்தது நான்கு படங்கள். முதற்படத்தில் உடலின் எந்தப் பகுதி, இடமா வலமா, ஒன்றா பலவா, இரு பக்கமும் ஒத்திருக்கிறதா என்பது தெரிய வேண்டும். இரண்டாவது, ஓர் உள்ளங்கை அகலத்துக்குச் சுற்றுப்புறத்தோடு எடுக்கப்படுவது. மூன்றாவது, அருகிலிருந்து, மில்லிமீட்டர் கோடுகள் கொண்ட அளவுகோலை மாற்றத்தின் ஓரத்தில் அதே தளத்தில் வைத்து எடுப்பது. நான்காவதில் அளவுகோல் இருக்கக் கூடாது. அது எதையேனும் மறைத்திருக்கக்கூடும். மாற்றம் மேடாக இருந்தால் ஐந்தாவதாக ஒன்றைப் பக்கவாட்டிலிருந்து எடுங்கள். நேர் மேலிருந்து எடுத்த படத்தில் மேடும் சமதளமும் ஒன்றுபோலவே தெரியும். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து சாய்ந்து விழுந்து நிழல் தோன்றும்போதுதான் உயரம் கண்ணுக்குப் புலப்படும். மற்றப் படங்களில் கேமரா தோலுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும்.

அருகே எடுப்பது என்றால் லென்ஸைத் தோலோடு ஒட்டவைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். மிக நெருங்கினால் பல கைப்பேசிகள் தாமாகவே அகலக்கோண லென்ஸுக்கு மாறிவிடும். படத்தின் ஓரங்கள் வளையும், கைப்பேசியின் நிழலே தோலின்மேல் விழும். ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தள்ளி நின்று, இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுங்கள். திரையில் மாற்றத்தின்மீது விரலால் தொட்டு ஃபோகஸ் செய்யுங்கள். சுற்றிலும் ஒரே நிறமாக வழுவழுப்பான தோல் இருந்தால் கேமரா எதைப் பற்றிக்கொள்வது என்று தெரியாமல் தடுமாறும். அப்போது அளவுகோலின் கோடுகள் அதற்குப் பிடிமானமாக அமையும்.

எடுத்தவுடன், நோயாளி எழுந்து போவதற்கு முன், படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். மாற்றத்தை ஒட்டிய தோலில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் நுண்கோடுகளும், மெல்லிய ரோமங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் மீண்டும் எடுங்கள். இந்த அரை நிமிடச் சோதனை, நோயாளியை இன்னொரு நாள் வரச்சொல்லும் தேவையைத் தவிர்த்துவிடும்.

எந்தப் புள்ளி என்று காட்டுவதற்காகச் சிலர் பேனாவால் அதைச் சுற்றி வட்டமிடுகிறார்கள். முதற்படத்தில் மட்டும், சற்றுத் தள்ளி ஓர் அம்புக்குறி ஒட்டினால் போதும். அருகிலெடுக்கும் படங்களில் மை இருக்கக் கூடாது. முன்பக்கக் கேமராவில் நோயாளியே எடுத்த படமாக இருந்தால், அது கண்ணாடிப் பிம்பமாகச் சேமிக்கப்பட்டிருக்கலாம். இடது தோளில் உள்ளது வலது தோளில் இருப்பதாகத் தெரியும் என்பதால், இடமா வலமா என்பதை எழுத்திலும் குறிப்பிடுவது கட்டாயம்.

கருந்தோலும் சிவப்பும்

பாடநூல்கள் 'சிவந்த தடிப்பு' என்று எழுதுவது வெண்தோலை மனத்தில் வைத்துத்தான். கருந்தோலில் அதே அழற்சி ஊதாவாகவோ, அடர்பழுப்பாகவோ, சாம்பல் பூத்தாற்போலவோ தெரியும். கேமராவின் தானியங்கு வெளிச்ச அளவீடு அதை மேலும் மங்கச் செய்துவிடும். எனவே அருகிலுள்ள இயல்பான தோல் படத்தின் ஒரு பாதியிலாவது இருக்கும்படி எடுங்கள். முடிந்தால் உடலின் மறுபக்கத்தில் அதே இடத்தையும் ஒப்பீட்டுக்காக எடுத்து அனுப்புங்கள். தொட்டால் சூடாக இருக்கிறது, தடித்திருக்கிறது என்று நீங்கள் எழுதும் ஒரு வரி இவ்விடத்தில் படத்தைவிட அதிகம் பயன்படும்.

விரல் அறிந்தவை

படத்தால் சொல்ல முடியாதவற்றை எழுத்தால்தான் ஈடுசெய்ய வேண்டும். கையுறை அணிந்து மெல்ல அழுத்திப் பாருங்கள்: மென்மையா, இரப்பர் போன்றதா, கல்போல் உறுதியானதா? தோலோடு நகர்கிறதா, அடியில் ஒட்டியிருக்கிறதா? செதில் எளிதில் உதிர்கிறதா, பிடுங்கினால் இரத்தம் வருகிறதா? சிவந்த திட்டு என்றால் ஒரு கண்ணாடித் துண்டால் அழுத்துங்கள். நிறம் மறைந்தால் இரத்தம் இன்னும் குழாய்க்குள் இருக்கிறது. மறையாவிட்டால் தோலுக்குள் கசிந்திருக்கிறது.

நிறம் வெளிறிய திட்டு ஒவ்வொன்றிலும் ஒரு பஞ்சு நுனியால் தொட்டு, கண்ணை மூடிய நோயாளியிடம் எங்கே தொடுகிறேன் என்று கேளுங்கள். தேமலிலும் வெண்புள்ளியிலும் உணர்ச்சி இருக்கும். தொழுநோயின் திட்டில் உணர்ச்சி குறைந்தோ இல்லாமலோ இருக்கலாம். எத்தனை மெகாபிக்சல் கேமராவாலும் படமெடுக்க முடியாத இவ்வொரு விவரம் நோயறிதலையே மாற்றிவிடும். ஆனால் முகத்துத் திட்டுகளில் உணர்ச்சி குறையாமலும் இருக்கலாம் என்பதால், உணர்ச்சி இருப்பதை மட்டும் வைத்துத் தொழுநோய் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

டெர்மாஸ்கோப் இருந்தால்

இது பொதுவாகப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும், தனக்கென விளக்குக் கொண்ட ஓர் உருப்பெருக்கி. கைப்பேசியில் பொருத்திக்கொள்ளும் வகைகளும் கிடைக்கின்றன. தோலின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் எதிரொளிப்பை நீக்கி, அதன் கீழுள்ள நிறமியையும் இரத்தக்குழாய்களையும் காட்டுவதுதான் இதன் வேலை. தோலைத் தொடாத வகை, துருவப்படுத்திய ஒளியால் இதைச் செய்கிறது. துருவப்படுத்தாத ஒளி கொண்ட தொடும் வகைக்கு ஆல்கஹால் அல்லது அல்ட்ராசவுண்டு ஜெல் போன்ற ஒரு திரவம் இடையில் வேண்டும். புதியவர்கள் செய்யும் தவறுகள் இரண்டு: ஜெல்லில் காற்றுக்குமிழிகளை விட்டுவிடுவது ஒன்று, கருவியை அழுத்திப் பிடிப்பது மற்றொன்று. அழுத்தினால் நுண்குழாய்களிலிருந்து இரத்தம் வடிந்து, நான் தேடும் சிவப்புக் கோடுகளும் புள்ளிகளும் மறைந்துபோகும். இரத்தக்குழாய்கள் முக்கியமாகத் தோன்றும் இடத்தில் கெட்டியான ஜெல்லைத் தாராளமாக இட்டு, கருவியை அதன்மேல் மிதக்கவிடுங்கள்.

டெர்மாஸ்கோப்பின் பயனை உள்ளங்காலில் தெளிவாகப் பார்க்கலாம். அங்கே தோல் வரப்பும் சாலுமாக அமைந்திருக்கிறது. சாதாரண மச்சத்தில் நிறமி பெரும்பாலும் சாலில் கோடு கோடாக ஓடும். தொடக்கநிலை மெலனோமாவில் வரப்பின்மேல் படியும். வெறுங்கண்ணுக்கு இரண்டும் ஒரே கரும்புள்ளிதான். டெர்மாஸ்கோப் படத்தைத் தனியாக மட்டும் அனுப்பாதீர்கள். அது உடலில் எங்கிருக்கிறது என்று காட்டும் சாதாரணப் படங்களும் உடன் வர வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் கருவியின் முகப்பை ஆல்கஹாலால் துடையுங்கள்.

அனுப்புதல்

படமெடுக்கும் முன்பே நோயாளியின் சம்மதத்தைப் பெற்றுப் பதிவுசெய்யுங்கள்: படம் யாருக்குப் போகிறது, எங்கே சேமிக்கப்படும், கற்பித்தலுக்குப் பயன்படுத்தப்படுமா என்பவற்றை அவருக்குப் புரியும் சொற்களில் சொல்ல வேண்டும். சிகிச்சைக்குச் சம்மதித்தவர் கற்பித்தலுக்கும் சம்மதித்தார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பிறப்புறுப்பு, மார்பகம், குழந்தைகள் ஆகிய சூழல்களில் துணைக்கு ஒருவர் அறையில் இருக்கட்டும்.

செய்திச் செயலிகள் படங்களைச் சுருக்கி அனுப்புகின்றன; செதிலின் நுண்மையும் நிறமியின் வலைப்பின்னலும் முதலில் அழிவது அதில்தான். உங்கள் நிறுவனம் இதற்கென வைத்துள்ள பாதுகாப்பான தளத்தில் மூலக்கோப்பையே ஏற்றுங்கள். கோப்பின் பெயரில் நோயாளியின் பெயர் வேண்டாம். குறியீட்டு எண், தேதி, உடற்பகுதி, வரிசை எண் ஆகியவை போதும். படக்கோப்புக்குள் எடுத்த இடத்தின் ஆயத்தொலைவுகள் தாமாகவே பதிவாகியிருக்கலாம் என்பதால் கேமராவின் இருப்பிட வசதியை முன்கூட்டியே நிறுத்திவிடுங்கள். கண்களை மறைத்துக் கருப்புப் பட்டை போட்டுவிட்டால் ஆள் தெரியாது என்பது பழைய நம்பிக்கை. பச்சைகுத்தலும் அணிகலனும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். சொந்தக் கைப்பேசியில் எடுத்திருந்தால், அங்கிருந்து அழிப்பதோடு, தானாகவே நகலெடுக்கும் மேகச் சேமிப்பிலிருந்தும் அழிக்க வேண்டும். குடும்பப் படங்களுக்கு நடுவே ஒரு நோயாளியின் தொடை வந்து நிற்கும் சங்கடம் பலருக்கு நேர்ந்திருக்கிறது.

தானாகவே நோய் சொல்லும் செயலிகள்

ஏறத்தாழ 1,29,000 படங்களில் பயிற்றப்பட்ட ஒரு கணினி முறை, குறிப்பிட்ட சோதனைகளில் 21 தோல் மருத்துவர்களுக்கு இணையாகச் செயல்பட்டது என்ற ஆய்வு 2017-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. அதன் பிறகு இத்தகைய செயலிகள் பெருகின. ஆனால் மச்சத்தருகே ஊதாநிற அறுவை மை இருந்தாலே மெலனோமாவுக்கான மதிப்பெண்ணைக் கணினி உயர்த்திவிடுகிறது என்று 2019-இல் காட்டப்பட்டது. பேனா வட்டம் வேண்டாம் என்று நான் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். கருந்தோல் படங்களில் இம்முறைகளின் திறன் குறைகிறது என்பதை 2022-இல் வெளிவந்த, 656 படங்கள் கொண்ட ஓர் ஆய்வு காட்டியது. செயலி 'ஆபத்தில்லை' என்று சொன்னதை வைத்து நீங்கள் அனுப்ப நினைத்த ஒன்றை அனுப்பாமல் விட்டுவிடாதீர்கள்.

பதில் வந்த பிறகு

நல்ல பதிலில், முதலில் தோன்றும் நோய், அடுத்துச் சாத்தியமானவை, உறுதி எவ்வளவு, என்ன செய்ய வேண்டும், எத்தனை நாளில் மீண்டும் பார்க்க வேண்டும் என்பவை இருக்கும். இவற்றில் ஏதேனும் இல்லையென்றால் தயங்காமல் திரும்பக் கேளுங்கள். "நேரில் பார்க்கவும்" என்று வந்தால், யார், எங்கே, எந்தத் தேதிக்குள் என்பதை அன்றே உறுதிசெய்து, நோயாளி போனாரா என்று பார்க்கும் பொறுப்பை ஒருவர் பெயரில் எழுதிவையுங்கள். பதில் சரியாக இருந்தும், அது நோயாளியிடம் போய்ச் சேராமல் போவதுதான் இம்முறையில் நான் கண்ட பெரிய ஓட்டை.

சமதளமாக உள்ள ஐயத்துக்குரிய மச்சத்துக்கு, மூன்று மாதம் கழித்து மீண்டும் டெர்மாஸ்கோப் படம் எடுக்கும்படி நிபுணர் சொல்லலாம். அப்போது அதே கருவி, அதே தூரம், அதே வெளிச்சம், நோயாளி அமர்ந்த அல்லது படுத்த அதே நிலை இருந்தால்தான் ஒப்பீடு பொருள்படும். முதற்படத்தைத் திரையில் திறந்துவைத்துக்கொண்டே இரண்டாவதை எடுங்கள். மேலெழும்பி, தொட்டால் உறுதியாக இருந்து, ஒரு மாதத்துக்கு மேலாக வளர்ந்துகொண்டிருக்கும் கட்டியை இப்படிக் காத்திருந்து பார்க்கவே கூடாது. அதை விரைவில் வெட்டியெடுத்துப் பரிசோதிக்க வேண்டும். மெலனோமாவின் போக்கைப் பெரிதும் தீர்மானிப்பது அது தோலுக்குள் இறங்கியிருக்கும் தடிமன். நோய்க்கூற்று மருத்துவர் பிரெஸ்லோ 1970-இல் வகுத்த அந்த அளவை நுண்ணோக்கியின் கீழ் மில்லிமீட்டரில்தான் அளக்க முடியும். எந்தப் படத்திலும் அது தெரியாது.

பயாப்ஸி முடிவு உங்கள் மருத்துவமனைக்குத்தான் வரும், படம் பார்த்தவருக்கு வராது. அதே குறியீட்டு எண்ணில் அதை அவருக்கும் அனுப்பிவையுங்கள். நான் 'சாதாரண மச்சம்' என்று எழுதியது தவறாக இருந்திருந்தால், அது எனக்குத் தெரியவருவதற்கு வேறு வழி இல்லை.